டீசல் இருக்குதுங்களா?

அக்டோபர் 14, திங்கள்

கிளம்பியது 5.30. சேர்ந்தது 6.55. கிலோமீட்டர் 38.

டயாலிசிஸ் டிரிப்புக்கு உதவும் டிரஸ்ட்காரர்கள் இந்த டைரியைக் கொடுத்தபோது, இந்த மூன்றை மட்டும் எழுதினால் போதும் என்றார்கள். எட்டு மாதமாக அதை மட்டும்தான் எழுதினேன். இன்றைக்கு வேறு எதையும் எழுதாமல் விட்டால் யாரையாவது அடித்துவிடுவேன் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

பவானிக்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னால், ஒரு புளியமரத்தடியில் வேன் நின்றுவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று மூச்சு வாங்கியது, மிதித்தால் இழுக்கவில்லை, அப்படியே அணைந்துபோனது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது. பேட்டரியில் குறை இல்லை. என்ஜின்தான் பிடிக்க மாட்டேன் என்கிறது. பின் சீட்டில் மூன்று பேர். திங்கள், புதன், வெள்ளி, ஏழு மணிக்கு ஈரோட்டில் மெஷினில் படுத்தாக வேண்டியவர்கள். அவர்கள் சிறுநீரகம் கைவிட்ட வேலையை அந்த மெஷின்தான் செய்கிறது. அதற்கு லீவு கிடையாது.

வையாபுரி அண்ணன் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். "டிரைவரம்மா, டிக்கெட் வாங்குனவங்கல்லாம் எறங்கித் தள்ளோணுங்களா?" என்றார். நதியா சிரித்தாள். அவளுக்கு முப்பத்தாறு வயது, வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். மூன்றாவது ஆள் ராக்கியண்ணன். வண்டி ஓடினாலும் நின்றாலும் தூங்குவார்.

பின்னாலேயே லோகு வந்தான். எங்கள் ஊரில் இருக்கும் இன்னொரு வேன் அவனுடையது.

"ஏனுங்க்கா, டீசல் இருக்குதுங்களா?"

"நேத்து சாங்காலந்தான் ஃபுல் டேங்க் போட்டேன். முள்ளப் பாரு."

அவன் முள்ளைப் பார்க்கவில்லை. நேராகப் போய் டேங்க் மூடியைத் திறந்து, செல்போன் வெளிச்சத்தில் உள்ளே எட்டிப் பார்த்தான். "இருக்குதுங்க்கா" என்றான். நான் சொன்னபோது இல்லாத டீசல் அவன் பார்த்த பிறகுதான் வந்தது போலிருக்கிறது. மூடியைப் போட்டுவிட்டு, ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் கைப்பம்பை நாலு அமுக்கு அமுக்கினான். "இப்பத் திருப்புங்க."

ஸ்டார்ட் ஆகிவிட்டது. அதே பம்பை நான் அதற்கு முன்னால் நாற்பது தடவை அமுக்கியிருந்தேன்.

"ஆம்பளக் கை பட்டாத்தான் கேக்கும்போல" என்று சிரித்துக்கொண்டே போனான். நல்லவன்தான். அதனால்தான் இன்னும் எரிகிறது.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து இதே வண்டியை இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர். சர்க்கரை கண்ணில் இறங்கி, இப்போது வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறது. லைசென்ஸ் புதுப்பிக்க முடியாமல் போனதும் நான் பேட்ஜ் எடுத்து ஓட்டுகிறேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது: "டீசல் போட்டிருந்தியா?"

எனக்குக் கோபமெல்லாம் இல்லை. சாப்பாடு போட்டேன். ரசத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அக்டோபர் 16, புதன்

5.30. 6.37. கிலோமீட்டர் 38. நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆயுத பூஜைக்கு அவ்வளவு ஜோடித்ததில் திருஷ்டி பட்டிருக்கும், அது கழிந்துவிட்டது என்கிறார் வையாபுரி அண்ணன்.

அக்டோபர் 17, வியாழன்

பங்க்கில் விளிம்பு வரை டீசல் போடச் சொன்னேன். மூடியைத் திறந்தாலே வழிய வேண்டும். இனி எவனாவது கேட்கட்டும்.

அக்டோபர் 18, வெள்ளி

கிளம்பியது 5.35. சேர்ந்தது 7.20. கிலோமீட்டர் 38.

ஐந்து நிமிடம் தாமதமானதற்கு அவருடைய பூஜை காரணம். வண்டி ஓட்டுவதை விட்டதிலிருந்து வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பது அவர் வேலை. அதற்கு முன்னால் வருஷத்துக்கு ஒரு நாள் ஆயுத பூஜைக்கு வைப்பதோடு சரி. இப்போது நாலரைக்கே குளித்து, சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து, ஒரு கையால் வண்டியைத் தடவிக்கொண்டே சுற்றி வருவார். டயர், ஹெட்லைட், கதவுப் பிடி, ஸ்டீயரிங். இந்த ஆயுத பூஜைக்குப் பிறகு இன்னும் மும்முரம், கைக்கு வட்டமாக எது அகப்பட்டாலும் பொட்டு விழுந்துவிடும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நிற்பேன். வேண்டாம் என்று சொன்னதில்லை. வண்டியைத் துடைக்கும்போதுகூடப் பொட்டை விட்டுவிட்டுச் சுற்றித்தான் துடைப்பேன். பொட்டை அழிக்க யாருக்குக் கை வரும்?

நின்றது அதே இடத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே. செல்ஃப் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. கை வலிக்க வலிக்கப் பம்பு அடித்தேன். பால் லாரிக்காரர் ஒருவர் நிறுத்தினார். வெள்ளை மீசை, மரியாதையான ஆள். இறங்கியதும் கேட்டார்.

"டீசல் இருக்குதாம்மா?"

"இருக்குதுங்க."

திறந்து பார்த்தார். வழிய வழிய இருந்ததைப் பார்த்துவிட்டு மூடினார். ஸ்பேனரால் ஃபில்டரின் தலையில் ரெண்டு தட்டு தட்டிப் பம்பை அடித்தார். ஸ்டார்ட் ஆகிவிட்டது.

வார்டு சிஸ்டர் வாசலிலேயே நின்றார். "இன்னொரு தடவை லேட்டானா மெஷினை அடுத்தவங்களுக்குக் குடுக்கறதத் தவிர வழி இல்லைங்கம்மா. லைன்ல நாப்பது பேரு நிக்கறாங்க." அவர் சொன்னதில் தப்பே இல்லை. சண்டை போடவும் வழியில்லாமல் போனதில் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அக்டோபர் 19, சனி

அந்தியூரில் ஆறுச்சாமியின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அவன் என்னிடம் என்ன கேட்டான் என்று எழுதப் போவதில்லை. திறந்து பார்த்தான் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஃபில்டரை மாற்றினான். பைப்புகளை ஊதினான். டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம் என்று டேங்க்கைக் காலி செய்து கழுவினான். கழுவுவதற்கு முன்னால் மூடியைக் கழற்றி, பொட்டு அழியாமல் பதனமாக ஸ்டூலின் மேல் வைத்தான். இந்தப் பதனம் மனிதர்களிடம் பேசும்போது அவனுக்கு வருவதில்லை.

"அக்கா, டேங்க் ஒரு பக்கம் உள்ள ஒடுங்கியிருக்குது. எங்க கொண்டுபோயி இடிச்சீங்க?"

"எங்கயும் இடிக்கலை."

"சரிங், சரிங்" என்றான். ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை ஒரு துணியில் துடைத்து எடுக்க முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் வண்டியை ஒரு முள்வேலியில்கூட உரசியதில்லை. டேங்க்கில் இருபது லிட்டர் மட்டும் ஊற்றினான், மீதியைக் கேன்களில் பிடித்துக் கொடுத்தான். ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்கள் என்றான்.

அக்டோபர் 21, திங்கள்

5.30. 6.35. கிலோமீட்டர் 38. நிற்கவில்லை.

நதியா பின்னால் இருந்து கேட்டாள். "அக்கா, வீட்டுல ஏதாச்சும் சண்டையா? அண்ணனப் பத்திப் பேச்சையே காணோம்." சண்டை ஏதும் இல்லை என்றேன். "அப்பச் சரி, பெரிய சண்டைதான்" என்றாள்.

அக்டோபர் 23, புதன்

5.30. 6.34. நிற்கவில்லை. ஆறுச்சாமிக்குக் கற்பூரம் காட்டலாம் என்று இருக்கிறது. இன்றைக்கு அவருக்கு மோர்க்குழம்பு வைத்தேன்.

அக்டோபர் 24, வியாழன்

முள் கீழே கிடக்கிறது. கேன்களில் இருந்ததை ஊற்றி, பங்க்கில் மேலும் போட்டு நிரப்பினேன். ஃபுல்.

அக்டோபர் 25, வெள்ளி

கிளம்பியது 5.33. சேர்ந்தது 7.40.

பவானி நெருங்கும் இடத்தில் நின்றது. லோகு வரவில்லை, லாரி எதுவும் நிற்கவில்லை. பம்பை அடித்து அடித்து உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பிவிட்டது. வையாபுரி அண்ணன் இறங்கி வந்து தான் அடிக்கிறேன் என்றார். ஊசி போட்டுப் போட்டுப் புடைத்திருக்கிற கையை வைத்துக்கொண்டு. ஏறி உட்காருங்கள் என்று கத்திவிட்டேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் ஒரு ஹோம்கார்டு வந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "டீசல் இருக்காம்மா?" என்றவர் பதிலுக்குக் காத்திருக்காமல் மூடியைத் திறந்தார், பார்த்தார், மூடினார். "நல்லாத்தானே இருக்கு, ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். வேறு எதையும் தொடவில்லை. ரெண்டாவது திருப்பில் பிடித்துக்கொண்டது. அவர் கையை உதறிக்கொண்டு போக்குவரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

மெஷின்களைக் கொடுத்துவிட்டிருந்தார்கள். மதிய ஷிஃப்டில் இடம் காலியாகும்வரை மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நதியாவுக்குப் பாதம் வீங்கி, செருப்பின் வார் உள்ளே பதிந்திருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று என் தோளில் சாய்ந்தே இருந்தாள். ஒன்றரை மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் தைக்கக் கொடுத்த தீபாவளி ஜாக்கெட்டுகளையெல்லாம் ஊக்கு வைக்காமலே கொடுத்துவிடச் சொல்லு அக்கா என்று விளையாட்டாகச் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது வையாபுரி அண்ணன் என்னை ஒரு தடவைகூடக் கேலி செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அக்டோபர் 26, சனி

வையாபுரி அண்ணன் மகனும் நதியாவின் வீட்டுக்காரரும் வந்தார்கள். காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறும்வரை உட்கார்ந்திருந்தார்கள். பிறகு நதியாவின் வீட்டுக்காரர்தான் ஆரம்பித்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க்கா. உசுரு விசயமுங்க. இன்னொரு தடவை நின்னுதுன்னா லோகு வண்டில அனுப்பிச்சர்றமுங்க. அவங்கிட்டப் பேசியாச்சு."

அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். அப்படிச் சொல்லியும் அனுப்பினேன். அவர்கள் போன பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த டிரிப் போய்விட்டால் இந்த வேனுக்கு வேறு வேலை கிடையாது. வேன் போய்விட்டால் நான் மறுபடியும் நாச்சிமுத்து சம்சாரம். எட்டு மாதமாகத்தான் நான் துளசிமணி.

ஆறுச்சாமிக்குப் போன் போட்டேன். பம்பைக் கழற்றி ஈரோடு அனுப்ப வேண்டும், தீபாவளி நோம்பி கழியட்டும் என்றான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவர் மெதுவாகச் சொன்னார்.

"வண்டியக் குடுத்தர்லாம் துளசி. எனக்குக் கண்ணு போனப்பவே குடுத்திருக்கோணும்."

"உங்க கண்ணு போச்சு. என்ற கண்ணு இருக்குதில்ல?"

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அவர் எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே உள்ளே போனார். வழக்கமாக எங்கள் வீட்டுக்குள் அவர் சுவரைத் தொட மாட்டார்.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளிக் கூட்டத்தில் பங்க் பக்கமே போக முடியாது என்று இன்றைக்கே ஃபுல் டேங்க் போட்டேன். அவர் என்னோடு பேசவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று ரெண்டு தடவை பக்கத்தில் போய், தண்ணி வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 28, திங்கள்

கிளம்பியது 5.25. சேர்ந்தது 6.52. கிலோமீட்டர் 38. இனி இது என் கதை, யாருக்கும் குறைத்து எழுதப் போவதில்லை.

பவானிக்கு முன்னால் அதே புளியமரம். வண்டி இருமியது, இழுக்கவில்லை, நின்றது. பின்னால் லோகு. அவர்கள் பேசி வைத்தபடியே, அவன் வண்டியில் மூன்று சீட்டு காலியாக இருந்தது.

"எல்லாரும் ஏறிக்கோங்க" என்று கதவைத் திறந்தான். நதியா இறங்கவில்லை. வையாபுரி அண்ணன் என்னைப் பார்த்தார்.

"டிரைவர் சொல்லாம பாசஞ்சர் எறங்கப்படாதுங்க" என்றார்.

"பத்து நிமிசம் குடுங்க" என்றேன்.

"அக்கா, சொன்னாக் கேளுங்க. எதுக்குங்க உங்களுக்கு இந்தக் கஷ்டமெல்லாம்? முதல்ல டீசலு..."

"கேக்காத!" என்று நான் போட்ட சத்தத்தில் ராக்கியண்ணன் எழுந்துவிட்டார்.

அப்போதுதான் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. உறைத்த இடத்திலேயே நின்றேன். டேஷ்போர்டில் இருந்து இந்த டைரியை எடுத்து, ஸ்டீயரிங் மேல் விரித்து, நான் எழுதியதை நானே படித்தேன். 17 ஃபுல், 18 நின்றது. 24 ஃபுல், 25 நின்றது. முதல் தடவை நின்றதும் ஃபுல் டேங்க் போட்ட மறுநாள்தான். நேற்று ஃபுல். இருபது லிட்டரில் ஓட்டிய ரெண்டு நாளும் முக்கவே இல்லை. டீசல் இல்லாமல் நிற்கிற வண்டியைப் பார்த்திருக்கிறேன். என் வண்டி டீசல் நிறைய இருந்தால் நிற்கிறது.

அடுத்து, வண்டியைக் கிளப்பியவர்களைப் பார்த்தேன். லோகு பம்பு அடித்தான். பால் லாரிக்காரர் ஃபில்டரைத் தட்டினார். ஆறுச்சாமி எல்லாவற்றையும் கழற்றினான். ஹோம்கார்டு தம்பியோ எதையுமே தொடவில்லை. ஆனாலும் நாலு பேருக்கும் ஸ்டார்ட் ஆனது. நாலு பேரும் செய்து, நான் மட்டும் செய்யாதது என்ன?

நாலு பேரும் என்னை நம்பவில்லை. அதனால் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார்கள். டீசல் போட்டது நான்தானே, எனக்கு நம்பிக்கை இருந்தது. அதனால் வண்டி நின்ற இடத்தில் ஒரு தடவையும் நான் திறந்து பார்க்கவில்லை.

இறங்கிப் போய் மூடியைத் திருகினேன். கையை விட்டு வர மறுத்தது. உள்ளிருந்து எதுவோ பிடித்து இழுத்தது. இன்னும் ஒரு அழுத்து அழுத்தித் திருகியதும் 'உஸ்ஸ்ஸ்' என்று நீளமாகக் காற்று உள்ளே போனது. டேங்க் 'டொங்' என்று ஒரு சத்தம் போட்டது. ஒடுங்கியிருந்த பக்கம் என் கண் முன்னால் பாதி வெளியே உப்பியது. நான் எங்கேயும் இடிக்கவில்லை. அது காற்று இல்லாமல் தானாக ஒடுங்கியிருக்கிறது.

எண்ணெய் டின்னில் ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டால் எண்ணெய் வருமா? எதிர்ப் பக்கம் இன்னொன்று போடாமல் யாராவது ஊற்றியிருக்கிறார்களா? வருஷக்கணக்காக அடுப்படியில் செய்வதுதான். டீசல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போக வேண்டும். போகவில்லை. டேங்க் நிறைந்திருந்தால் மேலே காற்று கொஞ்சம்தான், சீக்கிரமே மூச்சு முட்டுகிறது. காலியாக இருந்தால் இருக்கிற காற்றை வைத்து ஈரோடு போய்விடுகிறது. கேள்வி கேட்கிறவர்கள் வாயை அடைக்க நான் விளிம்பு வரை நிரப்ப நிரப்ப, வண்டியின் கழுத்தை நானே நெரித்திருக்கிறேன்.

பத்துத் தடவை பம்பு அடித்தேன். இப்போது அது கையில் லேசாக ஓடியது. சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. மூடியை இறுக்காமல் சும்மா வைத்தேன்.

வையாபுரி அண்ணன் ரெண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். "போலாம் ரைட்!"

லோகு இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணாடியில் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன், ரோட்டைப் பார்க்க வேண்டிய நேரத்தில்.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் சுத்தமாக இருந்தது. வெளிப்பக்கம் நட்டநடுவில் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். ஆயுத பூஜைப் பொட்டின் மேல் ரெண்டு வெள்ளிக்கிழமைப் பொட்டு, காய்ந்து காய்ந்து ரூபாய்க் காசு கனத்துக்கு ஏறியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். பொட்டை அழித்தேன். அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை.

நதியா போன் செய்து என்ன கோளாறு என்று கேட்டாள். தூசி என்றேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

லோகு டீக்கடையில், அக்கா சத்தம் போட்டதில் வண்டி பயந்து ஓடிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறானாம். உண்மையைச் சொன்னால் அவன் வாய், ஆறுச்சாமி வாய், எல்லார் வாயும் அடைந்துவிடும். ஆனால் மறுநாளே கண் தெரியாத மனுஷன் பொட்டு வைத்து வண்டியை நிறுத்தினார் என்று ஊர் சிரிக்கும். ஜெயிக்கிற விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் சொல்லப் போவதில்லை.

மேலே எழுதியது மத்தியானம். இது சாயங்காலம்.

அவரே கேட்டார். "என்ன கோளாறு துளசி?"

"மூடி ஓட்டைல தூசிங்க."

"தூசியா அடைக்கும்? நடு ஓட்டை அது. மேல எதையாச்சும் அப்புனாத்தான்..."

வலது கை மோதிர விரலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். சந்தனம் வைக்கிற விரல். இருபத்திரண்டு வருஷம் அந்த மூடியைத் திறந்து மூடியவரிடம் தூசி என்று கதை சொன்ன என்னை என்ன சொல்ல.

"நானா?"

பொய் சொல்ல வாய் வந்தது. அவரிடம் எவ்வளவோ முரண்டு பிடித்திருக்கிறேன், ஆனால் பரிதாபப்பட்டுப் பொய் சொன்னதில்லை. "ஆமாங்க" என்றேன்.

"அந்தப் புள்ளை நதியா..." என்றார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "இனி வண்டிப் பக்கம் வரமாட்டேன்" என்றார்.

அக்டோபர் 30, புதன்

ஃபுல் டேங்க். வேண்டுமென்றேதான். 5.30, 6.36. நிற்கவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தார், சொன்னதைச் சாப்பிட்டார். வண்டிக்கு ஒரு பொட்டும் வைக்கவில்லை. தெருவெல்லாம் பட்டாசு. எங்கள் வீடு மட்டும் சத்தமில்லாமல் இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

நவம்பர் 1, வெள்ளி

நாலரைக்கு நானே சந்தனத்தைக் குழைத்தேன். கிண்ணத்தைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தேன். வேண்டாம் என்று தள்ளினார்.

"ஒரு பொட்டுத் தப்பான எடத்துல வெச்சா இனிப் பொட்டே வெக்கப்படாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்குது? நான் ஒரு தடவை கியர் மாத்திப் போட்டப்ப நீங்க என்னய எறங்கச் சொன்னீங்களா?"

"அது வேற."

"ஒண்ணும் வேற இல்லை. எந்திரிங்க. நேரமாவுது. எனக்கு லேட்டாப் போகப் புடிக்காதுன்னு தெரியுமில்ல?"

எழுந்தார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மோதிர விரலை எடுத்து மூடியின் நடுவில் வைத்தேன். "இங்க இருக்குது பாருங்க." நகத்தால் ரெண்டு தடவை சுற்றிப் பார்த்தார். ஓட்டை அகப்பட்டது.

"ஊசி இருக்குதா?"

என் புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். நுனியை நீட்டி, ஒரே தடவையில் ஓட்டைக்குள் விட்டார். கண் தெரிகிற எனக்கு அது மூன்று தடவை குத்தினால்தான் போகிறது. பிறகு வாயை வைத்து ஊதிப் பார்த்தார். "காத்து வருது" என்றார். "இருவத்திரண்டு வருசத்துல இத நான் ஒரு நாளும் சுத்தம் பண்ணினதில்லை. இனி வாரா வாரம் பண்றேன்."

பொட்டை மூடிக்குப் பக்கத்தில், பாடியின் மேல் வைத்தார். நேராகத்தான் இருந்தது. "அன்னைக்கு உங்க கண்ணப் பத்திச் சொன்னது தப்புங்க" என்றேன். "தெரியும், ரெண்டு தடவை வந்து எனக்குத் தண்ணி வேணுமான்னு கேட்டியே" என்றார்.

முதலில் வையாபுரி அண்ணன் வீட்டில் நிறுத்தினேன். "சர்வீஸ் ஆறு நிமிசம் லேட்டு" என்று ஏறினார். முன் சீட்டில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். நான்தான் கூட வரச் சொன்னேன். நதியாவும் ராக்கியண்ணனும் ஏறிய பிறகு, அவர் திரும்பி உட்கார்ந்து எல்லாவற்றையும் தானே சொன்னார். பொட்டு, ஓட்டை, எதையும் விடவில்லை. நதியாவிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னார்.

"அப்ப எங்க டிரைவரம்மா மேல தப்பில்லை, சாமி மேலதான் தப்பு" என்றாள் நதியா.

முதலில் சிரித்தது அவர். வையாபுரி அண்ணன் இருமும்வரை சிரித்தார். ராக்கியண்ணன் விழித்துக்கொண்டு என்ன என்ன என்று கேட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லி, பவானிப் பாலம் தாண்டும்வரை சிரிப்பு ஓயவில்லை. ஊர் சிரிக்கட்டும். நாங்கள் முதலில் சிரித்தாகிவிட்டது.

திரும்பும் வழியில் அவர் சொன்னார். "பெயிண்ட்டரக் கூப்பிட்டு மூடிக்குப் பக்கத்துல செவப்புல எழுதீரு."

"என்னன்னுங்க?"

"டீசல் இருக்கிறது."

5.36. 6.40. கிலோமீட்டர் 38. நிற்கவில்லை.

நவம்பர் 4, திங்கள்

கிளம்பியது 5.30.

புளியமரத்தடியில் லோகுவின் வேன் நின்றது. உள்ளே ஏழெட்டுப் பேர். செல்ஃப் சுற்றும் சத்தம் தூரத்திலேயே கேட்டது, என்ஜின் பிடிக்கவில்லை. ஓரம் கட்டி இறங்கினேன். பின்னால் வையாபுரி அண்ணன் ஜன்னலைத் திறந்துகொண்டார்.

லோகு கையெல்லாம் கரியோடு நிமிர்ந்தான். என் வண்டியில் சிவப்பில் எழுதியிருந்ததைப் படித்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஏந் தம்பி," என்றேன், "டீசல் இருக்குதா?"

"இருக்குதுங்க்கா. நேத்துத்தான் போட்டேன்."

நான் போய் மூடியைத் திறந்து பார்த்தேன்.

இருந்தது. அவன் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

சேர்ந்தது 6.46. கிலோமீட்டர் 38.